அம்பு காட்டும் பக்கம்

கூடைப்பந்தாட்டத்தில் எதிரெதிர் அணிக்காரர்கள் இருவர் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுத்தால், நடுவர் அந்தப் பந்தை வாங்கி இருவருக்கும் நடுவே மேலே தூக்கிப் போடுவார், குதித்து எட்டியவருக்குப் பந்து என்பது படித்தவர்களிடையேயும் ஆழமாக வேரோடிவிட்ட நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பில் அப்படித்தான் நடந்தது என்று சாட்சி சொல்லவும் சிலர் வருவார்கள். மிகுந்த வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து அப்படி மேலே போகும். அதன் பிறகு பந்து சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் உயரமோ வலுவோ நியாயமோ பார்க்கப்படுவதில்லை. மேஜையின் மேல் இருக்கும் ஓர் அம்பு பார்க்கப்படுகிறது. அம்பு எந்தக் கூடையைக் காட்டுகிறதோ அந்தக் கூடையில் போட வேண்டிய அணிக்குப் பந்து. அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட்டதும் அம்பை மறுபக்கம் திருப்பிவிட வேண்டும். அடுத்த முறை மற்றவர்களுக்கு. இதைவிட எளிய நீதி முறையை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதில் ஒரே குறை, அம்பு தானாகத் திரும்பாது, அதற்கு ஓர் ஆள் வேண்டும். போடிநாயக்கனூர் சிமெண்ட் ஆடுகளத்தில் அந்த ஆள் சுருளியப்பன்.

அந்தச் சுருளியப்பனுக்குத்தான் இப்போது அம்பைத் திருப்பினோமா இல்லையா என்று தெரியவில்லை. அது போடி அணி பந்து போட வேண்டிய மலைப்பக்கக் கூடையைக் காட்டிக்கொண்டிருந்தது. ப்ளைவுட்டில் வெட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, நடுவில் ஆணி வைத்த அம்பு. அதன் வால் பக்கம் பெயிண்ட் உரிந்து போயிருப்பதும், அந்த உரிந்த இடம் தன் கட்டைவிரல் வழக்கமாகப் படும் இடம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. கட்டைவிரல் கடைசியாக அங்கே பட்டதா என்பது மட்டும் தெரியவில்லை. தமயந்தி விழுந்தாள். அது வரை எல்லாம் தெளிவாக இருக்கிறது. அக்கா மகள், போடி பெண்கள் அணியின் கேப்டன். அருப்புக்கோட்டைக் கேப்டன் மாரீஸ்வரியிடமிருந்து பந்தைப் பிடித்து இழுத்து, இழுத்தபடியே இடது முழங்கால் சிமெண்டில் பட விழுந்தாள். அந்தச் சத்தம். தேங்காயை வாசலில் வைத்தது மாதிரி, உடைக்கும் சத்தம்கூட இல்லை, வைக்கும் சத்தம். நடுவர் காஜாமைதீன் விசில் ஊதி இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கினார், பந்து சிக்கியது என்று அர்த்தம். சுருளியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேஜையில் உட்கார்ந்தவர் எழக்கூடாது. அதுவும் தெரியும். ஆனால் அது அந்த முழங்கால். போன வருஷம் வீங்கி, தேனியில் ஸ்கேன் எடுத்து, டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை விழுந்தால் நடக்கலாம், ஓட முடியாது என்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை என்பது போலச் சொன்ன முழங்கால். அவள் தேய்த்துக்கொண்டாள், எழுந்தாள், கோட்டுப் பக்கம் போனாள், காலை ஒரு முறை உதறினாள், இரண்டாவது முறை உதறினாள். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். சுருளியப்பனுக்கு மூச்சு வந்தது. உட்கார்ந்தார். உட்காரும்போது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பந்தை உள்ளே போட்டிருக்கிறார்கள். யார்? வலது கை அம்பின் மேல் இருந்தது. அது அங்கே திருப்பப் போனதா, திருப்பிவிட்டு இருந்ததா? கையைக் கேட்டார். கை பதில் சொல்லவில்லை.

இது புது வியாதி அல்ல. மேல்நிலைப்பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். கேஸ் குழாய்களை அடைத்துவிட்டு, கதவைப் பூட்டி, மாடிப்படி இறங்கி, கொய்யா மரம் வரை வந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பவர். ஒருநாளும் ஒரு குழாயும் திறந்திருந்ததில்லை. அதுதான் பிரச்சினை. ஒருமுறையாவது திறந்திருந்தால், திரும்பிப் போனதற்கு ஒரு நியாயம் கிடைத்து, ஒருவேளை வியாதி அதோடு தீர்ந்திருக்கும். மனைவி நாகரத்தினம் சொல்வாள், “நீங்க செத்தாக்கூட பாதி தூரம் போயிட்டு, மூச்சு நின்னுச்சான்னு பாக்க வந்துருவீங்க.” ஆனால் குழாய் விஷயத்தில் ஒரு வசதி இருந்தது: திரும்பிப் போனால் குழாய் அங்கேயே இருக்கும், அடைத்ததா திறந்ததா என்பதை அது தன் உடம்பிலேயே வைத்திருக்கும். அம்பு அப்படி இல்லை. அது இரண்டு பக்கமும் ஒரே முகத்தோடு காட்டும். மலைப்பக்கம் காட்டுகிறது என்றால், அருப்புக்கோட்டை போட்டு முடித்து, அவர் ஒழுங்காகத் திருப்பி, இப்போது போடிக்கு முறை என்று இருக்கலாம். இல்லாவிட்டால் போடிதான் போட்டது, அவர் எழுந்து நின்று முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அம்பு அசையவே இல்லை என்றும் இருக்கலாம். ஒருவேளை காற்று திருப்பியதோ என்று நினைத்தார், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனி மாதத்துக் காற்று, ஊர் முழுக்க ஏலக்காய் வாசனையைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று, ஒரு ப்ளைவுட் துண்டைத் திருப்பாதா? ஆனால் ஆணியைக் காலையில் அவர்தான் முறுக்கினார், இரண்டு முறை சரிபார்த்தார். தவிர, அது கணவாய் வழியாகக் கேரளாவிலிருந்து வரும் காற்று. அதற்கு போடிக்குச் சாதகமாகத் திருப்ப என்ன காரணம் இருக்க முடியும்?

சாதகம், அதுதான் உறுத்தியது. பாதகமாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாரா? உடனே சொல்லியிருப்பார். சத்தமாகச் சொல்லியிருப்பார். இந்த லீக்கில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக ஆடினாலும் ஊருக்கு ஒரே கணக்கு. முதலில் ஆண்கள் ஆட்டம், பிறகு பெண்கள் ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி எந்த ஊர் ஜெயித்தது என்று சொல்வார்கள். யார் இந்த விதியை எழுதினார்களோ, அவர்கள் வீட்டில் பெண் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் பெண்கள் ஆட்டம் ஆரம்பித்ததும் பரோட்டாக் கடைக்குக் கிளம்பிவிடும் ஆண்கள் அணி, இந்த விதி வந்த நாளிலிருந்து வேர்வைத் துண்டோடு கோட்டோரம் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாயே, தங்கச்சி, ஏத்தா என்று கும்பிடாத குறையாக ஆட்டத்தைப் பார்க்கிறது. இன்று போடி ஆண்கள் நான்கு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். பெண்கள் மூன்று புள்ளி முன்னால் இருக்கிறார்கள். ஆக ஊர் ஒரே ஒரு புள்ளி பின்னால். இன்றைக்குத் தோற்கும் ஊர் லீக்கிலிருந்து இறங்கிவிடும். இறங்கினால் கீழ்ப்பிரிவில் ஆண்களுக்கு மட்டும்தான் ஆட்டம். அப்போது பெண்கள் அணி எதற்கு? அணிக்குச் செலவு செய்யும் ஏலக்காய் வியாபாரிகள், லீக் கேட்டதால்தான் அதை ஆரம்பித்தார்கள், லீக் கேட்கவில்லை என்றால் ஒரே நாளில் ஜெர்சிகளை மடித்து வைத்துவிடுவார்கள். தமயந்தி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் தனியாக வந்து இந்தச் சிமெண்டில் பந்து தட்டிவிட்டுத்தான் கடைக்குப் போகிறாள். அந்தச் சத்தம் அவர் வீடு வரை கேட்கும். தட், தட், ஒரு இடைவெளி, வளையம் அதிரும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டுதான் பல வருஷமாகப் பல் தேய்க்கிறார். அது நின்றுபோனால்? நின்றுபோனால் நின்றுபோகிறது, பல் தேய்க்க எதற்குச் சத்தம், என்ன நினைப்பு இது, ஆட்டத்தைப் பாரு.

பக்கத்தில் பிலோமினா டீச்சர் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று தலைமுறையாகக் கூட்டல் சொல்லிக்கொடுத்த கை. காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காது. “டீச்சர்,” என்றார் சுருளியப்பன் மெதுவாக, “அந்தப் பிள்ளை விழுந்துச்சே, அப்ப பந்து யாருக்கு…” “எந்தப் பிள்ளை? சாயங்காலத்துல இருந்து எல்லாப் பிள்ளையும்தான் விழுது. பதினோராம் நம்பருக்கு நாலாவது ஃபவுல், போர்டைத் தூக்குங்க சார்.” அவர் நாலு என்று எழுதிய பலகையைத் தூக்கினார். “தலைகீழா இருக்கு.” நேராக்கினார். நாலைத் தலைகீழாகப் பிடிக்கும் மனுஷன் அம்பை எப்படிப் பிடித்திருப்பான்? உறவுக்காரன் மேஜையில் உட்காரக்கூடாது என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவும் சொன்னார்கள். ஆனால் போடியில் உறவில்லாத ஆளை உட்கார வைக்க வேண்டுமென்றால் மலை ஏறிப் போய்த்தான் கூட்டிவர வேண்டும் என்று சிரித்து விட்டுவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தது. அம்பு தவறாக போடிக்குக் காட்டி, அது தெரிந்துபோனால், மாமன் மருமகளுக்காகச் செய்தான் என்பார்கள். அவராகவே எழுந்து சொல்லி, பார்த்தால் அம்பு சரியாகத்தான் இருந்தது என்றால், நல்ல அம்பைக் கெடுத்தான் என்பார்கள். சொன்னாலும் ஒரு பெயர், சொல்லாவிட்டாலும் ஒரு பெயர். அந்த இரண்டு பெயரையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார், எது கொஞ்சம் மெல்லியது என்று. பந்து சிக்காமலே ஆட்டம் முடிந்துவிட்டால் எந்தப் பெயரும் வேண்டாம். பந்தே, சிக்காதே. இரண்டு கையால் பிடிக்காதீர்கள், பெண்களே, தட்டிக்கொண்டே இருங்கள்.

அப்போதுதான் தெய்வேந்திரன் வந்தான், ஆண்கள் அணிக் கேப்டன், தோளில் ஈரத் துண்டு. மேஜைக்குப் பின்னால் குனிந்து, ஊதுவத்தி ஏற்ற வந்தவன் போன்ற பயபக்தியோடு கேட்டான். “அண்ணே, அம்பு நமக்குத்தானண்ணே?” இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தெரியலப்பா என்ற ஒரே வார்த்தை போதும். வாய் திறந்தது, காற்று உள்ளே போனது, கண் ப்ளைவுட்டைப் பார்த்தது, ப்ளைவுட் மலையைப் பார்த்தது. “ம்,” என்றார். “அது போதும்ணே,” என்று தெய்வேந்திரன் ஓடினான். சுருளியப்பன் அந்த ‘ம்’மைத் திரும்பிப் பார்த்தார். அது பொய் இல்லை. அம்பு நமக்குத்தான் காட்டுகிறது. காட்டுகிறதா என்று கேட்டான், காட்டுகிறது. சரியாகக் காட்டுகிறதா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இப்படி ஒரு வக்கீல் தனக்குள் இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது போடி கோச் டைம் அவுட் கேட்டார். பெண்கள் மேஜைக்கு எதிரேயே வளைந்து நின்றார்கள், முதுகெல்லாம் ஈரம். வேண்டாம் என்று நினைத்தாலும் காது கோச்சின் குரலுக்குப் போனது. “கேட்டுக்கங்கடி. ஃபவுல் பண்ணாதீங்க. பந்து அவங்க கையில இருந்தா ஓடி வந்து ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிங்க, விடாதீங்க. அம்பு நமக்கு. சிக்குனா பந்து நமக்கு. தெய்வேந்திரன் கேட்டுட்டு வந்துட்டான்.” ‘ம்’ என்ற ஒற்றை எழுத்து அங்கே போய்த் திட்டமாகி நின்றது. அப்போது தமயந்தி திரும்பினாள். அம்பைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வந்தபோது, அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா என்று பார்த்த பார்வையா அது? அவளுக்கு ஏதோ தெரிகிறது. இல்லை, முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். இல்லை, தெரிகிறது, நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்கிறாள், நன்றி சொல்கிறாள். அது நன்றி என்றால் அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை. வெறுப்பு என்றால் பரவாயில்லை, வெறுப்பைத் தாங்கலாம். காஜாமைதீன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தார். மதுரைக்காரர், ஊர் பேதம் பார்க்காதவர் என்று பெயர். “என்ன சார், ஓடுறது நாங்க, வேர்க்குறது உங்களுக்கா?” கேள், இப்போது கேள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்: ‘சார், போன முறை பந்து யாருக்குக் கொடுத்தீங்க?’ இத்தனை சின்ன வாக்கியம். “காத்து இல்ல சார்,” என்றார் சுருளியப்பன். மேஜைத் துணியைக் காற்று அடித்துக்கொண்டு போகப் பார்த்தது. பிலோமினா டீச்சர் முழங்கையால் அழுத்திக்கொண்டார். காஜாமைதீன் துணியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் மறுபடி ஓடியது. பந்து அருப்புக்கோட்டையிடம். ஒரு புள்ளி முன்னால் இருப்பதால் அவர்கள் அவசரப்படவில்லை, ஓடுகிற நேரம் அவர்களுடையது. மாரீஸ்வரி பந்தைத் தட்டிக்கொண்டே ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் பூச்சிகள் அதன் எண்களை மறைத்து மறைத்துக் காட்டின. போடிப் பெண்கள் சுற்றி வந்தார்கள். சிக்காதே, சிக்காதே என்று சுருளியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். சிக்காவிட்டால் போடி இறங்கிவிடும், விடியற்காலைச் சத்தம் நின்றுவிடும், அதையும் அவர் அறிந்தே சொன்னார். அறிந்தே சொல்கிறோம் என்பதை உணர்ந்ததும் சிக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எந்த வேண்டுதலும் எவர் காதிலும் விழவில்லை. தமயந்தி பின்னாலிருந்து பாய்ந்து வந்து மாரீஸ்வரியின் கையிலிருந்த பந்தை இரண்டு கையாலும் அணைத்தாள். இருவரும் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினார்கள், பந்து நடுவில், யாரும் விழவில்லை. விசில். காஜாமைதீன் இரண்டு கட்டைவிரலையும் தூக்கினார், மேஜையைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், கையை மலைப்பக்கம் நீட்டினார். போடி. கூட்டம் எழுந்த வேகத்தில் பின்வரிசை பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. தெய்வேந்திரன் தரையில் விழுந்து கும்பிட்டான்.

தமயந்தி பந்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனாள். அவள் கையிலிருந்து கிளம்பிய பந்து உள்ளே யார் மேலாவது பட்டுவிட்டால் அதன் பிறகு அம்பு பொய்யாகவே இருந்தாலும் யாரும் எதையும் மாற்ற முடியாது. விதி அப்படி. அதில் அவருக்கு ஒரு ஆசை எழுந்தது: பட்டுவிடட்டும். பட்டுவிட்டால் இனி யோசிக்க ஒன்றும் இருக்காது. இந்த ஆசை சர்க்கரைப் பாகு மாதிரி இறங்கியது, இறங்கும்போதே கசந்தது. வலது கை, பதில் சொல்லாத அதே கை, அம்பைத் தாண்டிப் போய், ஆட்டத்தை நிறுத்தும் ஹாரன் பொத்தானை அழுத்தியது. அழுத்தியது தான்தானா என்று அவர் ஒரு கணம் பக்கத்தில் பார்த்தார். பிலோமினா டீச்சர் முதல் முறையாகக் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன பண்றீங்க சார்?” காஜாமைதீன் பந்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “என்ன சார்?” “அம்பு… சந்தேகம் சார்.” “எந்த மாதிரி சந்தேகம்?” “திருப்புனேனா இல்லையான்னு… அந்தப் பிள்ளை விழுந்தப்ப நான் எந்திரிச்சுட்டேன். யார் பந்து போட்டாங்கன்னு பாக்கல.” சொல்லும்போது அது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது, கேஸ் குழாய் அளவுகூட இல்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல், “யோவ் சுருளி, உனக்கு எந்த ஊருய்யா சோறு போடுது?” இன்னொன்று, “கண்ணாடி போட்டுக்கிட்டுமா தெரியல?” தெய்வேந்திரன் தரையிலிருந்து எழுந்து, “அண்ணே, நீங்கதானண்ணே ‘ம்’னீங்க,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை, புரியாமல் சொன்னான்.

“டீச்சர், உங்களுக்கு?” என்று கேட்டார் காஜாமைதீன். “நான் எழுதிட்டிருந்தேன். எனக்குப் புள்ளி தெரியும், அம்பு தெரியாது.” காஜாமைதீன் யோசித்தார். இன்று எத்தனையோ முறை கட்டைவிரலைத் தூக்கியாகிவிட்டது, அவருக்கும் எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். “இதுக்கு முன்னாடி சிக்குனப்போ, இந்தப் பொண்ணு விழுந்துச்சே, அப்ப பந்து யாரு போட்டது?” மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். அவள் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டாள். தமயந்தி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. அவள் அம்பைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, சுருளியப்பனையும் பார்க்கவில்லை. காஜாமைதீன் கக்கத்திலிருந்த பந்தைப் பார்த்தாள். “எங்களுக்குத்தான் சார் குடுத்தீங்க,” என்றாள். “நான்தான் போட்டேன்.”

அவள்தான் போட்டாள். காலை உதறியது, இரண்டாவது முறை உதறியது, கோட்டுப் பக்கம் போனது, எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்கிறார். அந்த நேரம் முழுவதும் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்திருக்கிறார். இப்போது அந்தக் காட்சியை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். சிராய்த்த முழங்கால் வந்தது, வெள்ளைச் சாக்ஸ் வந்தது, அதற்கு மேலே எதுவும் வரவில்லை. அவள் கையில் ஒரு முழுப் பந்து இருந்திருக்கிறது. “அப்ப திருப்புங்க சார்,” என்றார் காஜாமைதீன். சுருளியப்பன் உரிந்த பெயிண்டில் கட்டைவிரலை வைத்து அம்பை அருப்புக்கோட்டைக்கு உரிய ரோட்டுப் பக்கம் திருப்பினார். திருப்பினோம் என்று தெரிந்து திருப்பினார். அருப்புக்கோட்டை பந்தை வாங்கியது, உள்ளே போட்டது, அவர் விதிப்படி அம்பை மறுபடி மலைப்பக்கம் திருப்பினார். போடிப் பெண்கள் துரத்தினார்கள், தமயந்தி கடைசி வரை துரத்தினாள், பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. நேரம் முடிந்து ஹாரன் தானாக அடித்தது.

அந்த வருஷம் போடி லீக்கிலிருந்து இறங்கியது. பெண்கள் அணியின் ஜெர்சிகளை ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் மடித்து வைத்தார்கள். வெளியூர் ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள லீக் விதியில் இடம் இருக்கிறது. அடுத்த ஆனியில் தமயந்தி அருப்புக்கோட்டைக்கு ஆடினாள். சனிக்கிழமை மதியம் மருந்துக் கடையிலிருந்து நேராக அவளை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவது சுருளியப்பன்.